ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை: கரன்ட் எங்கே நின்றது என்று தேடிய அனுபவம்

லிக்விட் கூல் பைக்கில் ஃபேன் செத்துப்போனால் உடனே தெரியாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ரேடியேட்டரை எதிர்க்காற்றே ஆற்றிவிடும், ஃபேனுக்குப் பெரிதாக வேலையில்லை. மன்னார்குடியில் கிளம்பி வடுவூர் வழியாகத் தஞ்சாவூர்வரை போய்வந்தாலும் ஒன்றும் தெரியாது. வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போதுதான் விஷயம் வெளியே வரும். டெல்டாவில் அதற்கென்றே இருக்கிற இடம் நீடாமங்கலம் ரயில்வே கேட்.

உரக்கடைகளுக்கு ஆர்டர் எடுப்பது என் வேலை. வலங்கைமான், கும்பகோணம், திருவாரூர் என்று பகல் முழுக்க வண்டியில்தான் இருப்பேன். சித்திரை வெயிலில் கும்பகோணம் போகும்போது கேட்டுக்கு முன்னால் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தேன். மீட்டரில் சூட்டைக் காட்டும் கட்டைகள் மளமளவென்று ஏறி, கடைசியில் சிவப்பு விளக்கும் எரிந்தது. வழக்கமாக அந்த அளவுக்குப் போகும் முன்பே முழங்காலுக்குக் கீழே விர்ரென்று ஃபேன் சத்தம் கேட்கும், சூடான காற்று காலில் அடிக்கும். அன்று இரண்டும் இல்லை. எஞ்சினை அணைத்து, தள்ளிக்கொண்டு போய் ஒரு புங்கமரத்து நிழலில் நிறுத்தினேன்.

பக்கத்தில் நின்ற ஒருவர் நல்ல மனசோடு, "மூடியத் திறந்து தண்ணி ஊத்துங்க தம்பி" என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கூலன்ட் (எஞ்சினை ஆற்றும் திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதற்கு அந்த மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தமும் ஒரு காரணம். சூட்டோடு திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், அதே நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டரைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறும்வரை மூடிப் பக்கமே போகக் கூடாது. நான் காத்திருந்து, ஆறிய பிறகு எங்கும் நிற்காமல் ஓட்டி ஊர் வந்து சேர்ந்தேன்.

முதலில் காட்டிய கடையில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஃபேன் மோட்டார் போயிடுச்சு, செட்டா மாத்தணும்" என்றார்கள். எதையும் கழற்றவில்லை, எதையும் சோதிக்கவில்லை. செட் விலை கம்மி இல்லை. அதனால் நானே ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

வழி ரொம்பச் சிக்கலானது இல்லை. பேட்டரியில் இருந்து கிளம்பும் கரன்ட் ஃப்யூஸைத் தாண்டி, ரிலே என்கிற, மின்சாரத்தில் இயங்கும் சுவிட்சைத் தாண்டி, ஃபேன் மோட்டாருக்குள் நுழைந்து, எர்த் ஒயர், வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வேண்டும். ரிலேயை எப்போது போடுவது என்று முடிவு செய்வது இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர். அதற்குச் சூட்டைச் சொல்வது கூலன்ட் சென்சார். பழைய மாடல் சிலவற்றில் இசியு இந்த வேலையில் வராது, சூடேறினால் தானாகப் போடும் ஒரு தெர்மோ சுவிட்ச் ரேடியேட்டரிலேயே இருக்கும். என் வண்டி ரிலே வகை. இந்த வழியில் எங்கேயோ கரன்ட் நிற்கிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

முதலில் மோட்டார். ஃபேன் கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஒயர் எடுத்து பேட்டரியில் இருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தேன். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலான ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும், அதைக் கவனிக்க வேண்டும். வைத்ததும் ஃபேன் ஜோராகச் சுற்றியது. மோட்டார் போய்விட்டது என்று சொன்னது தப்பு என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது. எந்தக் கடையிலும் இரண்டு நிமிஷத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது. இதைச் செய்யாமல் செட் மாற்றச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

அப்புறம் ஃப்யூஸ். கண்ணால் பார்த்தால் போதாது, மயிரிழை விரிசல் தெரியாது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி (கரன்ட் அறுபடாமல் போகிறதா என்று) பார்க்கும் இடத்தில் வைத்து இரண்டு காலையும் தொட்டேன், பீப் அடித்தது. அடுத்து ரிலே. அதே பெட்டியில் அதே அளவில் இன்னொரு ரிலே இருந்தது, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. சாவியைப் போட்டு, எஞ்சினைச் சூடேற விட்டுக் காதை வைத்துக் கேட்டால் சரியான நேரத்தில் ரிலே 'டிக்' என்றது. இந்தச் சின்னச் சத்தம் நிறைய விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. சென்சார் சூட்டைச் சரியாகச் சொல்கிறது, இசியு கட்டளை கொடுத்துவிட்டது, ரிலேயும் கேட்டுவிட்டது. கோளாறு ரிலேக்குள் ஒட்டிக் கரன்ட்டை விடும் கான்டாக்டில் இருந்து ஃபேன்வரை உள்ள பகுதியில்தான். கான்டாக்ட் கருகியிருக்குமோ என்ற சந்தேகம் ரிலேயை மாற்றிப் போட்டதிலேயே தீர்ந்திருந்தது.

'டிக்' சத்தமே வராதவர்கள் இங்கே வேறு பக்கம் திரும்ப வேண்டும். முதலில் வண்டி ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். அளவு இறங்கி சென்சார் கூலன்ட்டில் முங்காமல் காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்தாலும் அதற்குச் சரியான சூடு தெரியாது. ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்ச் இருக்கும் வண்டியில், எஞ்சின் சூடாக இருந்தும் ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடான கூலன்ட் சுவிட்ச்வரை வந்தால்தானே அது போடும்? தெர்மோ சுவிட்சைக் கழற்றி அடுப்பில் வெந்நீரில் போட்டுச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். சில சுவிட்ச் 100 டிகிரிக்கு மேல்தான் போடும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், நல்ல சுவிட்சையே கெட்டது என்று நினைத்துவிடுவோம். சூடு தாங்கும் எண்ணெயில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுப் பார்ப்பதுதான் சரி.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். ரிலே 'டிக்' என்ற பிறகு ஃபேன் கனெக்டரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. மோட்டார் நல்லது, வோல்ட்டும் வருகிறது, கனெக்டரை மாட்டினால் மட்டும் ஃபேன் அசையவில்லை. நான் திணறிய இடம் இதுதான். கூத்தாநல்லூரில் டிராக்டருக்கும் நடவு மெஷினுக்கும் ஒயரிங் பார்க்கிற ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வண்டியை அவரிடம் கொண்டுபோனேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் டப்பாவைத் துழாவி ஒரு பழைய 35 வாட் ஹெட்லைட் பல்பை எடுத்தார். இரண்டு ஒயர் பற்றவைத்த பல்பு. ஃபேன் கனெக்டரில் அதைச் சொருகினார். பல்பின் உள்ளே கம்பி மட்டும் செம்மண் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது, வெளிச்சமே இல்லை.

"மீட்டருக்கு வோல்ட்டு போதும் தம்பி, மோட்டாருக்கு ஆம்ப்ஸ் வேணும்" என்றார்.

மீட்டர் இழுக்கும் கரன்ட் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால் வழியில் ஓர் இணைப்பு பாதி செத்துக் கிடந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். 35 வாட் பல்பு 3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், இந்த அளவு பைக்கின் ஃபேனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கேட்கும். அந்த இடத்தில் 1 ஓம் தடை இருந்தால்கூட 3 வோல்ட்டைத் தின்றுவிடும், நாலைந்து ஓம் என்றால் மோட்டார் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சுமை கொடுத்துச் சோதிப்பது என்பது இதுதான். மீட்டரை மட்டும் நம்பி எத்தனை பேர் நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிளஸ் பக்கமா எர்த் பக்கமா என்று பிரிப்பதும் அதே பல்பை வைத்துத்தான். பல்பின் எர்த் ஒயரை மட்டும் கனெக்டரில் இருந்து எடுத்து நேராக பேட்டரி மைனஸில் தொட்டார். பல்பு பளீரென்று எரிந்தது. ஆக பிளஸ் ஒழுங்கு, எர்த்தில்தான் கோளாறு. டேங்கைத் தூக்கி எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். வண்டிச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒயர் முனையைப் போல்ட்டில் மாட்ட உதவும் உலோக வளையமான லக் கவ்வியிருந்த இடத்தில் இரண்டு மூன்று இழைதான் மிச்சம், மற்றதெல்லாம் பொடியாக உதிர்ந்தது.

பளபளப்பான செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டித் தள்ளி, புது லக் கவ்வி, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றினார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கிய பிறகு வாஸ்லின் பூசினார். பிறகு வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுக் காத்திருந்தோம். ஃபேன் ஓடத் தொடங்கி, சூடு சில டிகிரி இறங்கியதும் தானாக நின்று, மறுபடி ஏறியதும் மறுபடி ஓடியது. ஒரு தடவை ஓடியதோடு பாய் விடவில்லை. போட்டு நிறுத்தும் அந்தச் சுற்று திரும்பத் திரும்ப ஒழுங்காக வந்த பிறகுதான் டேங்கை மாட்டினார். செட் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத கூலிதான் வாங்கினார்.

களிம்பு எப்படி வந்தது என்றால், வாட்டர் வாஷ்தான் என்பது என் கணிப்பு. நடவு சமயத்தில் வயல் சேறு அப்பி வருகிற வண்டியை வாரந்தவறாமல் பிரஷர் தண்ணீரில் அடிக்கக் கொடுப்பேன். டேங்குக்கு அடியில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அந்த லக்கில் ஊறியிருக்கும். இப்போது டேங்குக்கு அடியிலும் ரேடியேட்டர் மேலும் துப்பாக்கியை நீட்டாதீர்கள் என்று சொல்லித்தான் விடுகிறேன்.

ரேடியேட்டரைப் பற்றி இன்னொன்று. பாய் டார்ச் அடித்துக் காட்டியபோது தகடுகளுக்கு நடுவில் பதரும் வைக்கோல் தூசியும் சேறோடு சேர்ந்து அடைத்திருந்தது. அறுவடை நேரத்தில் நம் ரோடுகளில் நெல் காயும், வைக்கோல் லாரி முன்னால் போகும், எல்லாம் நேராக அங்கேதான் போய் ஒட்டும். அடைத்துக்கொண்டால் ஃபேன் நன்றாக ஓடினாலும் சூடு இறங்காது. எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தகட்டின் போக்கிலேயே நீவிவிட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் தகடு மடங்கிவிடும். குறைந்திருந்த கூலன்ட்டுக்கு போர் தண்ணீர் ஊற்றாமல், கலந்தே வருகிற கூலன்ட் பாட்டில் வாங்கி நிரப்பினேன். நம் பக்கத்து போர் தண்ணீர் கெட்டிலில் படியவைக்கிற வெள்ளைப் படிவத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.