டிவி நிகழ்ச்சி லோகோவை மூலையிலிருந்து வரையத் தொடங்குங்கள்

நிகழ்ச்சிக்கு லோகோ வேண்டும் என்றதும் பெரும்பாலான டிசைனர்கள் டைட்டில் கார்டை மனதில் வைத்துத்தான் உட்காருகிறார்கள். முழுத்திரை, இருண்ட பின்னணி, தங்க எழுத்து, பின்னால் ஒளிக்கீற்று. அந்த டைட்டில் திரையில் நிற்பது சில நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் லோகோ மூலையில் ‘பக்’ ஆக, அதாவது திரை ஓரத்துச் சின்ன அடையாளமாக, ஒண்டிக்கொண்டிருக்கும், ப்ரோமோ முடிவில் நாளோடும் மணியோடும் நெருக்கியடிக்கும், ஓடிடி ஆப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அதனால் மூலைக்கான வடிவத்தை முதலில் வரைந்து முடியுங்கள். அதிலிருந்து டைட்டிலுக்கு வளர்ப்பது எளிது. டைட்டிலைச் சுருக்கி மூலைக்குக் கொண்டுவருவது ஏறக்குறைய எப்போதும் தோற்றுப்போகிறது.

1920×1080 ஃபிரேமில் பக்குக்கு 80 பிக்சல் உயரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆங்கிலத் தலைப்பைப் பெரிய எழுத்துகளில் அமைத்தால் அந்த 80-ம் எழுத்துக்கே போகும். தமிழில் மேலே புள்ளியும் இகரத்தின் வளைவும், கீழே ழ, ஞ, த போன்றவற்றின் இறக்கமும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எழுத்தின் உடலுக்கு 45 பிக்சல் மிஞ்சினால் பெரிய விஷயம். தலைப்பு இரண்டு வரியாகிவிட்டால் அதிலும் பாதி. மேல்வரியின் உகர வால் கீழ்வரியின் இகர வளைவில் இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்டினால் எழுத்து இன்னும் சிறுத்துவிடும். இடைவெளியைத் தொடாமல், கீழ்வரியை இடமோ வலமோ நகர்த்தி, வால் இறங்கும் இடத்தில் வளைவில்லாத எழுத்து வருமாறு பொருத்திப் பாருங்கள். பல தலைப்புகளில் இது ஒன்றே போதும்.

சின்ன அளவில் முதலில் சாவது புள்ளி. வளையமாக வரைந்த புள்ளி இந்த அளவில் உள்ளே அடைபட்டு அழுக்குப் பொட்டாகிவிடும். புள்ளியை நிரப்பியே வரையுங்கள். எழுத்துருவில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். வெளிக்கோடும் க்ளோவும் (எழுத்தைச் சுற்றிய ஒளிவீச்சு) போட்டபின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஒட்டினால் வாசிப்பே மாறிவிடும். அடுத்தது சுழிகள். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டும் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டால் ஒரே கட்டியாகத் தெரியும். கோட்டை உள்பக்கமாகத் தடிப்பாக்காமல் வெளிப்பக்கமாக மட்டும் தடிப்பாக்குங்கள். ர-வின் சாய்ந்த காலை அழகுக்காக வெட்டிவிட்டால் அது துணைக்கால் ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தங்க பெவல் (எழுத்தின் விளிம்பைச் சரித்துப் புடைப்பாகக் காட்டும் எஃபெக்ட்) ஏன் மூலையில் கலங்கிப்போகிறது? பெவல் ஒவ்வொரு கோட்டையும் வெளிச்சம், நடுநிறம், நிழல் என்று மூன்று பட்டையாகப் பிரிக்கிறது. டைட்டிலில் கோடு 60 பிக்சல் தடிமன் என்றால் பட்டைக்கு 20 பிக்சல் கிடைக்கும். மூலையில் அதே கோடு 6 பிக்சல், பட்டைக்கு இரண்டு. அந்த இரண்டு பிக்சலும் கம்ப்ரஷனில் (வீடியோவின் ஃபைல் அளவைச் சுருக்கும்போது) ஒன்றோடொன்று கலந்து, எழுத்தின் விளிம்பே தெரியாமல் போகும். பெவல் கூடாது என்று சொல்லவில்லை. மூலைக்கு ஒரே நிறத்தில் தட்டையாகத் தனியாக வரையுங்கள், இரண்டுக்கும் நிழலுருவம் ஒன்றாக இருக்கட்டும். நெட்ஃபிளிக்ஸ் தொடரான ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ லோகோவைப் பாருங்கள்: ஐடிசி பெங்குயட் எழுத்துருவின் வெளிக்கோடு, முதல் வரியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் பெரிது. சிவப்பு ஒளியை அணைத்துவிட்டாலும் உருவம் நிற்கிறது.

மெல்லிய கிடைக்கோடுகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. 1080i (இன்டர்லேஸ்டு) ஒளிபரப்பில் ஃபிரேமின் வரிகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து போகும். ஒரு பிக்சல் கோடு ஏதாவது ஒரு ஃபீல்டில் மட்டும்தான் இருக்கும். நொடிக்கு 50 ஃபீல்டு போகும் முறையில் அது நொடிக்கு 25 தடவை வந்து வந்து மறையும். டிசைனரின் மானிட்டரில் இது தெரியவே தெரியாது. கடைசி அளவில் எந்தக் கிடைக்கோடும் மூன்று பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறைந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்துத் திசையில் மட்டும் லேசாக ப்ளர் கொடுங்கள்.

நிறத்தில் தவறு பெரும்பாலும் சிவப்பும் நீலமும் சேரும் இடத்தில் நடக்கிறது. வீட்டுக்கு வரும் சிக்னல் 4:2:0. வெளிச்சம் முழுத் தெளிவில் வரும், நிறமோ அகலத்திலும் உயரத்திலும் பாதித் தெளிவில்தான். அதாவது நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல். ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பை நீலத்தின் மேல் வைத்தால் விளிம்பைக் காட்ட நிறம் மட்டும்தான் இருக்கும், அது பாதித் தெளிவில் கசியும். லோகோவை கிரேஸ்கேலாக்கி, அதாவது நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கி, பாருங்கள். அங்கே படிக்க முடியாதது டிவியிலும் சரியாக வராது. 0 முதல் 255 வரை எண்ணும் 8 பிட் வீடியோ சிக்னலில் கருப்பு 16, வெள்ளை 235 என்பதால் 255 வெள்ளையை அப்படியே அனுப்பாதீர்கள். எக்ஸ்போர்ட்டில் லெவல் சரியாக மாறுகிறதா என்று ஸ்கோப்பில் (சிக்னல் அளவைக் காட்டும் கருவி) பார்த்துவிடுங்கள். எச்டிஆரில் (கூடுதல் பிரகாச வீச்சுள்ள வீடியோ) கிராபிக்ஸ் வெள்ளைக்கு 203 நிட்ஸ் (பிரகாசத்தின் அலகு) என்பது பரிந்துரைக்கப்பட்ட அளவு. அதற்கு மேல் தூக்கினால் இருட்டுக் காட்சிகளில் மூலை கண்ணைக் குத்தும்.

எழுத்து எல்லாமே திரையின் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் 5 சதவீதம் உள்ளே இருக்க வேண்டும். 1920 அகலத்தில் அது 96 பிக்சல், 1080 உயரத்தில் 54. ஆனால் அந்தப் பகுதியிலும் சேனல் பக், ஸ்க்ரோல் (ஓடும் செய்தி வரி), லோயர் தேர்ட் (திரையின் கீழ்ப்பகுதியில் வரும் பெயர்ப் பட்டை) எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். அவற்றின் டெம்ப்ளேட்டை முன்கூட்டியே வாங்கி, அதன் மேல் வைத்தே வரையுங்கள்.

அனிமேஷனில் தமிழுக்கென்று ஒரு தொல்லை. எழுத்து எழுத்தாகப் பறந்து வரும் எஃபெக்டைப் போட்டால் ‘கொ’ மூன்று துண்டாகி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் டெக்ஸ்ட் எஞ்சினை தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் எழுத்துகள் சரியாகச் சேரும். ஆனாலும் நம்பகமான வழி, தலைப்பை ஷேப்பாக (எழுத்தாக அல்லாமல் வெறும் வடிவமாக) மாற்றி, ஒவ்வொரு உயிர்மெய்யையும் கையால் ஒரு குரூப்பாகக் கட்டுவதுதான். லோகோ முழுமையாக வந்து நின்றபின் அசையாமல் இரண்டு நொடியாவது விடுங்கள். படிக்க அவகாசம் தராத டைட்டில் எதற்கு?

சீசன் தோறும் மாறப்போகும் நிகழ்ச்சி என்றால் மாறாத ஒன்றை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். 1999-ல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘பிக் பிரதர்’ ரியாலிட்டி நிகழ்ச்சி பல நாடுகளுக்குப் போனபின்னும் அதன் அடையாளம் கண்தான். நிறம், பொருள், வெளிச்சம் எல்லாம் மாறலாம், கண் இருந்தால் நிகழ்ச்சி தெரிந்துவிடுகிறது.

ஒப்படைக்கும்போது வெக்டர் மூலம், ஒற்றை நிறம், அகல அமைப்பு, அடுக்கு அமைப்பு, மூலை வடிவம், ஆல்ஃபாவோடு (ஒளிஊடுருவும் தகவலோடு) அனிமேஷன் என்று எல்லாம் போக வேண்டும். ஆல்ஃபா ஸ்ட்ரெயிட்டா, ப்ரீமல்டிப்ளைடா என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். ப்ரீமல்டிப்ளைடில் விளிம்புப் பிக்சல்கள் ஏற்கெனவே கருப்போடு கலந்திருக்கும். ஸ்ட்ரெயிட்டில் அப்படிக் கலந்திருக்காது. பிளேஅவுட் கருவி (நிகழ்ச்சியை ஒளிபரப்பில் ஓடவிடும் கருவி) அதை ஸ்ட்ரெயிட் என்று எடுத்துக்கொண்டால் இரண்டாம் தடவை கருமை ஏறி லோகோவைச் சுற்றி அழுக்கு வளையம் தெரியும். க்ளோ உள்ள லோகோவில் இது அப்பட்டமாகத் தெரியும். எழுத்துருவின் லைசென்ஸையும் முதல் நாளே படியுங்கள். டெஸ்க்டாப் லைசென்ஸில் ஒளிபரப்பு உரிமை பல சமயம் அடங்காது, அவுட்லைனாக மாற்றிவிட்டால் அந்த நிபந்தனை தானாகத் தீர்ந்துவிடாது.