சாவியைத் தொலைத்தது யார்?

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர், இலக்கணப் பாடத்தை ஒருநாளும் விதியிலிருந்து தொடங்கியதில்லை. அன்று கரும்பலகையில் 'ரவி லாஸ்ட் த கீ யெஸ்டர்டே' என்று எழுதிவிட்டு, "நேற்றுச் சாவியைத் தொலைத்தது யார்? ரவி நேற்றுத் தொலைத்தது எதை? ரவி சாவியைத் தொலைத்தது என்றைக்கு?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றுக்கும் உரிய விடையை 'இட் வாஸ் ரவி ஹூ லாஸ்ட் த கீ', 'இட் வாஸ் த கீ தட் ரவி லாஸ்ட்', 'இட் வாஸ் யெஸ்டர்டே தட் ரவி லாஸ்ட் த கீ' என்று வரிசையாக எழுதினார். நடந்த செய்தி ஒன்றே. ஆனால் அழுத்தம் விழும் சொல் வரிக்கு வரி மாறிக்கொண்டிருந்தது.

ஒரு வாக்கியத்தை இப்படி இரண்டாகப் பிளந்து, முக்கியமான சொல்லை முன்னே நிறுத்தி, எஞ்சியதைத் தனித்து நிற்க முடியாத சார்புத் தொடராகப் பின்னே அனுப்பும் அமைப்புக்கு 'கிளெஃப்ட் சென்டென்ஸ்', அதாவது பிளவு வாக்கியம், என்று பெயரிட்டவர் டென்மார்க்கு மொழியறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் என்பதையும், 1937இல் வெளிவந்த அவரது நூலில் அது இடம்பெற்றது என்பதையும் நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். எங்கள் ஆசிரியர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "உங்கள் தமிழில் இது ஏற்கெனவே இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். 'சாவியைத் தொலைத்தது ரவிதான்' என்னும்போது தமிழ் செய்வதும் அதே வேலைதான். ஆங்கிலம் அழுத்தத்துக்குரியதை 'இட் வாஸ்' என்பதை அடுத்து வைக்கிறது. தமிழோ வினையைத் 'தொலைத்தது' என்று பெயராக்கி முன்னே விட்டு, அழுத்தத்துக்குரியதைக் கடைசியில் வைக்கிறது. 'நான் பார்த்தது அவனைத்தான்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபுகூட உதிராமல் நிற்பதை அவர் சுட்டிக்காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் ஆறு பொருள்களில், பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் பிரிநிலையும் உறுதிப்படுத்தும் தேற்றமும் அடங்கும். 'ரவியே தொலைத்தான்' என்பதில் ஓரெழுத்து செய்யும் பணிக்கு ஆங்கிலம் ஒரு வாக்கியத்தையே பிளக்க வேண்டியிருக்கிறது.

வினையை அழுத்த வேண்டுமானால் 'இட் வாஸ்' உதவாது. அப்போது 'வாட் ஹி டிட் வாஸ் லாக் த டோர்' என்று 'வாட்' கொண்டு தொடங்க வேண்டும். அன்றாடப் பேச்சில் நாம் அதிகம் கேட்பது இந்த வகையைத்தான். 'வாட் ஹேப்பன்ட் வாஸ்', 'வாட் ஐ நீட் இஸ்', 'ஆல் ஐ வான்ட் இஸ்' என்று தொடங்குபவர், முக்கியமான செய்தி பின்னால் வருகிறது என்று கேட்பவரைக் காத்திருக்கச் செய்கிறார்.

சார்புத் தொடர்களில்தான் நாங்கள் மிகவும் இடறினோம். தமிழ் வாக்கியம் பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் முன்னே அடுக்கிக்கொண்டே போய் இறுதியில் ஒரு முற்றுவினையில் அமரும். ஆங்கிலத்திலோ சார்புத் தொடருக்குள்ளும் பெரும்பாலும் எழுவாயோடு கூடிய முற்றுவினை வேண்டும். 'மழை பெய்தாலும் அவன் வந்தான்' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' என்றும் எழுதுவோம்; இரண்டில் ஒன்று போதும் என்று அவர் பொறுமையாக அடித்துத் திருத்துவார். 'வென் ஹி வில் கம்' என்று எழுதியதையும் 'வென் ஹி கம்ஸ்' என்று மாற்றுவார்.

ஆனால் அவர் கற்பித்ததன் ஆழம் எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் விளங்கியது. பிளவு வாக்கியத்தின் சார்புத் தொடரில் இருப்பது, எல்லாரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செய்தியாகவே நிற்கும். 'இட் வாஸ்ன்ட் ரவி ஹூ லாஸ்ட் த கீ' என்று மறுத்தாலும் மறுக்கப்படுவது ரவி மட்டுமே; சாவி தொலைந்தது தொலைந்ததுதான். இதை அவர் வகுப்பில் சொல்லியிருந்தும் நான் மறந்துபோனேன். வெளிநாட்டில் பணியில் சேர்ந்த புதிதில், வரவேண்டிய ஒரு கோப்பு வராதபோது, சக ஊழியருக்கு 'இட் வாஸ் யூ ஹூ ஃபர்காட் டு சென்ட் த ஃபைல்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கோப்பு அவரிடம்தான் இருக்கிறது என்பதை நினைவூட்டவே நான் நினைத்தேன். அவரோ அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள்கள் என்னோடு பேசவில்லை. யாரோ மறந்துவிட்டார் என்பதை நான் கேட்காமலேயே முடிவுகட்டி, அந்த யாரோ நீங்கள்தான் என்று விரல் நீட்டியிருக்கிறேன் என்பது மடலைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முறை ஒரு கோப்பு வராதபோது, 'த ஃபைல் ஹேஸ் நாட் ரீச்ட் மீ யெட்' என்று, எதையும் பிளக்காமல் எழுதினேன்.