கில் ஸ்விட்ச் போட்டேன், இன்ஜின் நிற்கவில்லை

ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் என் பழைய காருக்கு, அவசரத்தில் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டித்து இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் மாட்டுவது ஒரு மதியத்து வேலை என்றுதான் நினைத்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளை நடுவில் வெட்டி, இரண்டு முனையிலும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக நசுக்கி கிரிம்ப் செய்து, இரண்டே டெர்மினல் உள்ள ஒரு ஸ்விட்சில் முடுக்கிவிட்டேன். ஆஃப் செய்தால் ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, ஸ்டார்ட்டரும் அசையவில்லை. சரி, முடிந்தது என்று டூல் பாக்ஸை மூடியும் ஆயிற்று.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, இன்ஜினை ஓடவிட்டு ஸ்விட்சைத் திருப்பினேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

காரணம் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுழற்றும் மின் ஜெனரேட்டர். ஸ்டார்ட் ஆகும்வரைதான் பேட்டரியின் தயவு வேண்டும். சுழல ஆரம்பித்த பிறகு ஆல்டர்னேட்டர் தன் ஃபீல்டுக்கு (உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு) வேண்டிய கரன்டையும் இக்னிஷனுக்கு வேண்டியதையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று கழற்றினால் அந்தக் கரன்ட் போக இடமில்லாமல் வோல்டேஜ் சட்டென்று எகிறும். லோட் டம்ப் என்பார்கள். என் காரில் இருப்பது கார்புரேட்டர், அதனால் தப்பித்தேன். இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டியில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் அதுவே போயிருக்கலாம்.

கார் பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் விதி கேட்பதும் இதைத்தான்: ஸ்விட்ச் எல்லா சர்க்யூட்டையும் துண்டிக்க வேண்டும், இன்ஜினையும் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் ஆறு டெர்மினல் ஸ்விட்ச். பெரிய இரண்டும் பேட்டரிக்கு. சின்ன ஜோடிகளில் ஒன்று ஆஃப் செய்யும்போது திறக்கும், அது இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயருக்கு. இன்னொன்று ஆஃப் செய்யும்போது மூடிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் பக்கத்துப் பெரிய டெர்மினலிலிருந்து ஒரு வயரை இதன் வழியாக எடுத்து, 3 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கடந்து பாடியில் எர்த் செய்ய வேண்டும். மிஞ்சிய கரன்ட் அங்கே வடிந்துவிடும்.

இதில்தான் இரண்டாவது முறையும் சொதப்பினேன். ஜோடிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஸ்விட்சை ஆன் செய்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனால் எங்கிருந்தோ தீய்ந்த வாடை. ரெசிஸ்டர் 11 வாட்தான். 12 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4 ஆம்பியர், அதாவது 48 வாட். இன்ஜின் நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குத் தாங்கும், நிரந்தரமாகத் தாங்காது. டெர்மினல் பக்கத்தில் அச்சடித்த எழுத்தை நம்பாமல், வயர் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் (இரு முனைக்கும் இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் அமைப்பில்) வைத்து ஆன், ஆஃப் இரண்டிலும் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

ஆல்டர்னேட்டர் வயரை நேராக பேட்டரி பக்கமே கொடுத்துவிட்டால் ரெசிஸ்டரே வேண்டாம் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் ஸ்விட்சை ஆஃப் செய்த பிறகும் இன்ஜின் பக்கம் ஒரு தடித்த வயரில் கரன்ட் இருந்துகொண்டே இருக்கும், மோதி நசுங்கிய காரில் அது எனக்கு வேண்டாம். ஃப்யூஸ் இல்லாத பேட்டரி கேபிளை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) வழியாக, ஓட்டையின் விளிம்பு வெட்டாமல் காக்கும் ரப்பர் குரோமெட் இல்லாமல் இழுப்பதும் அதே ரகம்.

இப்போது ஒவ்வொரு முறை ட்ராக்கில் இறங்கும் முன்பும் ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து, உள்ளிருந்து ஒரு தடவை, வெளியிலிருந்தே ஸ்விட்சை ஆஃப் செய்ய உள்ள இழுப்புக் கேபிளில் ஒரு தடவை என்று நிறுத்திப் பார்க்கிறேன். போன முறை கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது.