அம்மிணிக்குத் துணை தேவைப்படவில்லை

ஜன்னல் திட்டில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் பூனை அம்மிணி தலையைத் தூக்கி மேலே பார்ப்பாள், பிறகு கீழே பார்ப்பாள், பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றுவாள், மறுபடி மேலே பார்ப்பாள், அப்புறம் அப்படி ஒரு எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்பதுபோலத் தரையில் உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்துவிடுவாள். ஏறத்தாழ ஒரு வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 13 வயதாகிறது, நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் என்னென்னவோ பார்த்தேன். முதுகின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று மேலே, முடி சடை பிடித்துக்கொண்டே இருந்தது. சோம்பேறி ஆகிவிட்டாள் என்றேன். நடக்கும்போது நகம் தரையில் டக் டக் என்று தட்டும். மணல் தட்டுக்கு உள்ளே போகாமல், சரியாக அதன் பக்கத்தில் சிறுநீர் கழித்துவைப்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று திட்டியிருக்கிறேன். தூக்கினால் உறுமுவாள், கோபக்காரி. நாள் முழுக்கத் தூங்குகிறாள், யாரிடமும் ஒட்டுவதில்லை, பாவம், தனியாக இருப்பதால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இதற்குள் ஒரு டாக்டரிடமும் காட்டியிருந்தேன். அவர் தடுப்பூசி போட்டுவிட்டு "வயசாயிடுச்சு இல்லையா" என்றார். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது.

துணைக்கு என்று பட்டாணியைக் கொண்டுவந்தேன். 10 மாதக் கடுவன், கருத்தடை செய்தவன், சாம்பல் நிறம், வாலில் மட்டும் வரி. அவனைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை எழுத மாட்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிவந்து காலில் உருளுவான். யார் மடியாக இருந்தாலும் அவனுக்குச் சம்மதம். குறை என்று சொன்னால், ஓயாமல் விளையாட ஆள் வேண்டும், வீட்டில் அதற்கு அவனுக்குக் கிடைத்தது அம்மிணி.

மணல் தட்டிலிருந்து அவள் வெளியே வரும் நேரம் அவனுக்கு அத்துப்படி. சோபாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, அவள் ஒரு காலை வெளியே எடுத்து வைத்ததும் பாய்ந்து இடுப்பின் மேல் விழுவான். அவனைப் பொறுத்தவரை அது மல்யுத்தம். அவளுக்கோ தேய்ந்துபோன இடுப்பு மூட்டின் மேல் நாலு கிலோ எடை வந்து விழுவது. ஆனால் அப்போது எனக்கு இடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. "பழகிக்கட்டும்" என்று விட்டுவிட்டேன்.

பூனைச் சண்டை என்றால் கத்தலும் முடி பறப்பதும்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததில் பெரும்பாலும் சத்தமே கிடையாது. நடைக்கு நட்ட நடுவில் பட்டாணி படுத்திருப்பான், வயிற்றைக் காட்டிக்கொண்டு, பார்க்க அழகாக. நானே போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்தப் போட்டோ ஒன்றை இப்போது பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் படுக்கையறைக் கதவோரம் அம்மிணியின் பாதி முகம் தெரிகிறது. அவனைத் தாண்டினால்தான் தண்ணீர்க் கிண்ணம், தாண்டினால்தான் மணல் தட்டு. தாண்ட மாட்டாள், அடக்கிக்கொண்டு நிற்பாள். வழிமறிப்பதும் இமைக்காமல் முறைத்துப் பார்ப்பதும்கூட பூனை பாஷையில் மிரட்டல்தான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். விளையாட்டு என்றால் துரத்துகிறவனும் ஓடுகிறவனும் இடம் மாறிக்கொள்வார்கள், நகம் உள்ளே இருக்கும். இங்கே இடம் மாறவே இல்லை, ஒதுங்கிப் போனது எப்போதும் ஒருத்திதான்.

ஒரு நாள் அவள் அலறிய அலறலில் இரண்டாவதாக ஒரு டாக்டரிடம் ஓடினேன். அவர் முதலில் கேட்டது, "வீட்டில் நடக்கிறதை, ஏறுகிறதை வீடியோ எடுத்திருக்கிறீர்களா?" என்பது. ஆஸ்பத்திரி மேசையில் பூனை பயத்தில் உறைந்து உட்கார்ந்துவிடும், நொண்டுவதைக்கூடக் காட்டாது, வீட்டு வீடியோவில்தான் உண்மை தெரியும் என்றார். போனில் இருந்தது, ஜன்னல் திட்டு ஆட்டம், சிரிப்பதற்காக எடுத்து வைத்தது. அவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும், இரண்டு முன்னங்கால் முழங்கை மூட்டும் ஓரம் கரடுமுரடாக எலும்பு வளர்ந்து கிடந்தன. இரண்டு பக்கமும் சமமாக வலித்தால் எந்தக் காலைத் தூக்கி நொண்டும்? அதனால் பூனை நொண்டாது, செய்வதைக் குறைத்துக்கொள்ளும். ஏறுவது, குதிப்பது, முதுகை வளைத்து நக்குவது, உயரமான ஓரத்தைத் தாண்டி மணல் தட்டுக்குள் கால் வைப்பது என்று ஒவ்வொன்றாக விட்டுவிடும். நான் சோம்பல், நிதானம், வேண்டுமென்றே, கோபம் என்று பெயர் வைத்ததெல்லாம் இதுதான்.

அபூர்வமான நோய் என்றும் நினைக்க வேண்டாம். 2002ல் வெளியான ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள், 90ல் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலிக்கும் என்று அர்த்தமில்லைதான், இருந்தாலும் வயதான பூனை வைத்திருப்பவர்கள் "வயசாயிடுச்சு" என்று சொல்லும் முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன், இதில் ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். "நமக்கு மூட்டு வலித்தால் போடுகிறோமே, கால்வாசி மாத்திரை கொடுத்துப் பார்" என்று எனக்கே நல்லெண்ணத்தோடு ஒருவர் சொன்னார். நம் கல்லீரல் அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக வேலை செய்வதில்லை. நச்சு தேங்கி, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாக மாறி, முகம் வீங்கி, ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். மனிதர்களின் இப்யூபுரூஃபனும் கூடவே கூடாது. பூனைகளுக்கு டாக்டர்கள் எழுதும் மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து இருக்கிறது, அளவு மிகமிகக் குறைவு, சிறுநீரகத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் தினசரிக் குறைந்த அளவாக நீண்ட நாள் கொடுக்க அனுமதி உண்டு, அமெரிக்காவிலோ பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று 2010ல் எச்சரிக்கையே போட்டார்கள்.

அம்மிணியின் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. அதனால் டாக்டர் மாதம் ஒரு ஊசி என்று முடிவு செய்தார். ஃப்ரூனெவெட்மாப் என்று பெயர், சொலென்சியா என்று விற்கிறார்கள். வலியைக் கடத்துவதில் பங்குள்ள நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும் ஒரு எதிர்ப்பொருள். ஐரோப்பாவில் 2021லும் அமெரிக்காவில் 2022 ஜனவரியிலும் அனுமதி கிடைத்த மருந்து. இது எல்லாப் பூனைக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சில பூனைகளுக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் வருவதுண்டு, உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்குள் செய்த மாற்றங்கள் மருந்துக்குச் சமமாக உதவின என்பேன். பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் ஒரு பக்கத்தைக் கத்தியால் அறுத்து, மூன்று விரல் உயரத்துக்கு மட்டும் விளிம்பு விட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மணல் தட்டாக்கினேன். அன்று இரவே அதற்குள் போனாள், அதன்பிறகு ஒருநாளும் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கவில்லை. நான் திட்டிய திட்டெல்லாம் அந்த டப்பாவைக் கழுவும்போது ஞாபகம் வரும். ஜன்னலுக்குப் படி வைத்தேன், முதலில் வழவழப்பான பலகையில் செய்து அவள் வழுக்கியதும் மேலே பழைய மிதியடியை ஒட்டினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நகம் வெட்டுகிறேன். வயதான பூனைகள் நகத்தைப் பிறாண்டித் தேய்க்காமல் விட்டால் அது தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்திவிடும். எடை 6.1 கிலோ இருந்தாள், ஏழெட்டு மாதத்தில் 5.2 ஆனாள். மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். பூனையைப் பட்டினி போட்டால், அதுவும் குண்டுப் பூனையை, சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இதற்கெல்லாம் நடுவில் பட்டாணி. வலி குறைந்தால் அவனைச் சகித்துக்கொள்வாள் என்று நம்பினேன். முதலிலிருந்து ஆரம்பித்தோம். தனித்தனி அறை, ஒருவர் படுத்த துணியை இன்னொருவருக்குக் கொடுத்து வாசனை பழக்குவது, மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாடு, பிறகு ஒரு விரல் அளவு திறந்த கதவு, பூனைகளைச் சாந்தப்படுத்தவென்று விற்கும் வாசனைக் கருவி (ஃபெரோமோன் டிஃப்யூசர்), மூன்று மணல் தட்டுகள், அவளைப் பார்க்கும் முன் அவனை இறகுக் குச்சியால் ஓட வைத்துக் களைக்க வைப்பது. மூன்று மாதம்.

எங்கே தேடிப் படித்தாலும் ஒரே அறிவுரைதான், பூனைகளுக்கு உயரம் கொடுங்கள், அலமாரி, மரம், தட்டுகள், பயந்த பூனை மேலே ஏறித் தப்பித்துக்கொள்ளும் என்று. சரி, ஏற முடியாத பூனை என்ன செய்யும்? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளுக்கென்று நான் செய்த படியில் அவன்தான் உட்கார்ந்தான். அவளுடைய மூட்டுக்காக வாங்கிய வெதுவெதுப்பான மெத்தையில் அவன்தான் மல்லாந்து கிடந்தான். கட்டில், பீரோ, ஜன்னல் என்று வீட்டின் மேல்பாதி முழுவதும் அவனுடையது, அவளுக்கு மிஞ்சியது தரை, அதிலும் அவன் குதிப்பான். பூனைகள் சண்டை போட்டபின் சமாதானமாகும் வழக்கம் உள்ள ஜாதியும் இல்லை. விலகிப் போவதுதான் அவற்றின் தீர்வு. இந்த வீட்டில் விலகிப் போக அவளுக்கு இடமும் இல்லை, காலும் இல்லை.

அப்போதும் நான் மதில்மேல் பூனையாகத்தான் இருந்தேன் (வீட்டில் மதில்மேல் ஏற முடியாத பூனை ஒன்று இருக்கும்போது). அவனை அனுப்பினால் நான் யார், சலித்ததும் பூனையைத் தள்ளிவிடுகிற ஆளா? இரண்டு பேரையும் பூட்டிப் பூட்டி, அரை நாள் அவனுக்கு, அரை நாள் அவளுக்கு என்று வருடக்கணக்கில் ஓட்டினால் ஆகாதா என்றெல்லாம் கணக்குப் போட்டேன். வீட்டில் வெள்ளையடிக்க வேண்டி வந்ததால் முடிவு கிடைத்தது. சாயத்தில் பட்டாணி உருண்டுவிடுவான் என்று பத்து நாளைக்கு ஒரு தோழி வீட்டில் விட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் கூடத்தில் சுவரோரம் ஏணி, எல்லா இடமும் பெயிண்ட் வாசனை, நடுத்தரையில் அம்மிணி பக்கவாட்டில் முழுநீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண் நன்றாக மூடியிருந்தது, காது இரண்டும் தளர்ந்திருந்தன. அவன் வந்ததிலிருந்து அவள் கூடத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

புது வீடு தேடும்போது அவனைப் பற்றி அப்படியே எழுதினேன்: அன்பானவன், அடங்காதவன், வயதான பூனையோ பயந்த பூனையோ இருந்தால் வேண்டாம், முரட்டு விளையாட்டுக்கு ஈடுகொடுக்கும் ஒரு இளம் பூனை இருந்தால் நல்லது. முதலில் கேட்டவர் பிறந்தநாளுக்குக் குழந்தைக்குத் தெரியாமல் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றார். இன்னொருவருக்குக் கிடங்கில் எலி பிடிக்க ஆள் வேண்டுமாம். மூன்றாவதாக வந்தவர்கள் என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். எதற்குப் பயப்படுவான், ராத்திரி எங்கே தூங்குவான், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள், ஏன் கொடுக்கிறீர்கள். அவர்கள் வீட்டில் ஒன்றரை வயதுக் கடுவன் ஒன்று, தனியாக இருந்துகொண்டு திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. நான் போய் வீட்டைப் பார்த்தேன். இரண்டு வாரம் பார்ப்பது, சரிவராவிட்டால் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் நானே வந்து கூட்டிக்கொள்வது என்று பேசிக்கொண்டோம்.

தடுப்பூசி அட்டை, பழகிய சாப்பாடு பதினைந்து நாளைக்கு, அதே மணல், துவைக்காத அவன் போர்வை எல்லாம் கட்டிக் கொடுத்தேன். முதல் சில நாள் ஒரே அறையில் வைத்திருங்கள், மெதுவாக அறிமுகப்படுத்துங்கள் என்று நான் சொல்லத் தொடங்கியபோது அவர்களுக்கு அதெல்லாம் என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டு ராத்திரி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தானாம். எனக்கும் அந்த இரண்டு ராத்திரி தூக்கமில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு வீடியோ வந்தது. பட்டாணி பதுங்கிப் பாய்கிறான், அந்தப் பூனை அவனை அப்படியே புரட்டிப்போட்டு மேலே ஏறி உட்கார்கிறது, ஒரு நொடி கழித்து இவன் மேலே, மறுபடி அது மேலே. திட்டுகிறவர் யாருமில்லை, பின்னால் சிரிப்புச் சத்தம்தான் கேட்கிறது. அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அம்மிணிக்கு மாதா மாதம் ஊசி தொடர்கிறது. பாய்ந்து குதிக்கிறாள் என்றெல்லாம் இல்லை, படிவழியாகத்தான் ஜன்னலுக்குப் போகிறாள், குளிர்ந்த காலையில் முதல் பத்து அடி இன்னும் விறைப்பாகத்தான் நடக்கிறாள். முதுகில் சடை இல்லை, தானே நக்கிக்கொள்கிறாள். நாளைக்கு அடுத்த ஊசி. போன மாதம் கூண்டை எடுத்ததைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் ஓடி மூலைக்குப் போய்விட்டாள், பிடிக்க இருபது நிமிஷம் ஆனது. வருடக்கணக்கில் ஓடாத பூனை. இந்தத் தடவை கூண்டை இன்று ராத்திரியே எடுத்துக் கூடத்தில் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.