அறிவியல் பட்டத்துக்குப் பின் ரேடியோகிராபி: சேருமுன் அறிய வேண்டியவை

இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்ற பின், எக்ஸ்ரே போன்ற மருத்துவப் படங்களை எடுக்கும் துறையான ரேடியோகிராபி படிக்கச் சேர்ந்தவன் என்ற முறையில், அதே மாற்றத்தை யோசித்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளுக்கு இதை எழுதுகிறேன். நாம் படித்த அறிவியல், எக்ஸ்ரே கருவியைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும். ஆனால், நோயாளியின் உடலைக் கருவியின் முன் சரியாக நிறுத்தும் திறமையை முற்றிலும் புதிதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன்பே எந்தத் தொழிலுக்குப் போகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். ரேடியாலஜிஸ்ட், எடுத்த படங்களை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் மருத்துவர். மருத்துவ இயற்பியலாளர் கருவிகளின் தரத்தையும் கதிர்வீச்சு அளவுகளையும் கணக்கிட்டுக் கண்காணிப்பவர். நோயாளியை நேரில் சந்தித்துப் படம் எடுப்பவரே ரேடியோகிராபர். அதிலும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் பிரிவு தனியானது. இயற்பியல் பட்டதாரிகள் பலர் இவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். மனிதர்களோடு நாள் முழுவதும் பேசிப் பழகுவதில் விருப்பம் இல்லாதவருக்கு இரண்டாவதே பொருத்தமானது என்பது என் கருத்து.

கதிர்வீச்சு இயற்பியல் தாள் நமக்கு எளிதாகவே இருக்கும். எக்ஸ்ரே குழாயில் எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் இலக்கில் மோதும்போது ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காடு வெப்பமாகிவிடுகிறது என்பதும், தூரம் இருமடங்கானால் கதிர்ச் செறிவு கால்பங்காகக் குறையும் என்பதும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் தேர்வில் சமன்பாட்டை நிறுவச் சொல்வதைவிட, ஒரு முடிவை எடுக்கச் சொல்வதே அதிகம். கதிரின் ஊடுருவும் திறனைத் தீர்மானிக்கும் கிலோவோல்ட்டை 15 விழுக்காடு கூட்டினால், கதிரின் அளவைத் தீர்மானிக்கும் மில்லி ஆம்பியர் செகண்டைப் பாதியாகக் குறைக்கலாம். நோயாளி பெறும் கதிர்வீச்சு குறையும், ஆனால் படத்தின் கறுப்பு வெள்ளை வேறுபாடான கான்ட்ராஸ்டும் குறையும். எதிரே இருப்பவர் குழந்தையா, பருமனானவரா, அசையாமல் இருக்க முடியாதவரா என்பதைப் பொறுத்து எதை விட்டுக்கொடுப்பது என்று காரணத்தோடு எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிக உழைப்பைக் கேட்பது உடற்கூறியல். உயிரியல் படித்தவர்கள்கூட இதை எளிதென்று எண்ண வேண்டாம், ஏனெனில் இங்கே எலும்பின் பெயரை அறிவதோடு, அது தோலுக்கு அடியில் எங்கே இருக்கிறது என்பதைக் கையால் தொட்டு அறிய வேண்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டால் நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டம் கிடைக்கும் என்பதைப் போன்றவற்றைப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து பயனில்லை. மார்பு எக்ஸ்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள்: பொதுவாக 180 சென்டிமீட்டர் தூரத்தில், நோயாளியின் மார்பு, படத்தைப் பதிவு செய்யும் தகடான ஏற்பியை ஒட்டியிருக்க, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துகிறோம். இதயம் ஏற்பிக்கு அருகில் இருப்பதால் அதன் நிழல் பெரிதாகாது. தோள்களை முன்னோக்கித் தள்ளச் சொல்வது தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறைக்காமல் இருப்பதற்காக. மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தச் சொல்வது நுரையீரல் முழுவதும் விரிந்து தெரிவதற்காக. நிற்க முடியாதவருக்குப் படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுக்கும்போது இதயம் பெரிதாகத் தெரியும் என்பதால், எடுத்த முறையைப் படத்திலேயே குறித்தாக வேண்டும். உடலை நிறுத்தும் ஒவ்வொரு நிலையையும் இப்படிக் காரணத்தோடு படித்தால், புத்தகத்தில் இல்லாத நிலையில் நோயாளி வந்தாலும் நாமே வழி கண்டுவிடலாம். அறிவியல் பயிற்சி நமக்குத் தரும் உண்மையான பலன் இதுவே.

கதிர்வீச்சைப் பற்றி வீட்டில் எழும் அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. பணியாளர் பெறக்கூடிய கதிர்வீச்சுக்கான பன்னாட்டுப் பரிந்துரை வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓராண்டிலும் 50-க்கு மிகாமல் என்பதாகும். தடுப்புச் சுவருக்குப் பின் நின்று முறையாகப் பணிபுரிபவர் பெறும் அளவு பொதுவாக இதைவிட மிகக் குறைவு. அவர் உடையில் அணிந்திருக்கும் கதிர்வீச்சு அளவுமானி அதைத் தொடர்ந்து பதிவு செய்கிறது.

சில நாடுகளில் பட்டதாரிகளுக்கென்றே இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. மற்ற இடங்களில் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கலாம். எதுவானாலும், படிப்பை முடித்தபின் நீங்கள் பணிபுரிய விரும்பும் நாட்டில் ரேடியோகிராபராகப் பதிவு பெறத் தகுதி கிடைக்குமா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் எழுத்துவடிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு மருத்துவமனையின் கதிர்ப்படப் பிரிவில் சில நாட்கள் இருந்து பாருங்கள். நேர்காணலில் ‘ஏன் இந்தத் துறை’ என்று கேட்கும்போது, அங்கே கண்டதிலிருந்து பதில் சொல்வது கருவிகள் மீதான ஆர்வத்தைச் சொல்வதைவிட வலுவாக இருக்கும்.