பிரிஸ்டிமாண்டிஸ்: விரலைப் பார்த்து, குரலைக் கேட்டு

ஆண்டிஸ் சரிவின் மேகக் காட்டில் இருட்டிய பிறகு டார்ச் அடித்தால், முழங்காலுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்து இலைகளில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தவளைகள் உட்கார்ந்திருக்கும். கொலம்பியா, எக்வடோர், பெரு மூன்று நாடுகளிலும் அவற்றில் பெரும்பங்கு பிரிஸ்டிமாண்டிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. பெயரிடப்பட்டவை மட்டும் 500 சிற்றினங்களுக்கு மேல். முதுகெலும்பிகளில் இதைவிடப் பெரிய பேரினம் கிடையாது. இவை நிலத்திலேயே முட்டையிடும். முட்டைக்குள்ளேயே தவளை உருவாகிவிடும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாததால், மற்ற தவளைகளைப் பிரிக்க உதவும் தலைப்பிரட்டையின் வாய், பல் வரிசை போன்ற அடையாளங்கள் இங்கே கைகொடுக்காது. எந்தச் சிற்றினம் என்பதை வளர்ந்த தவளை ஒன்றை வைத்துத்தான் முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் பேரினம் சரிதானா என்று பாருங்கள். பின்கால் விரல்களுக்கு இடையே சவ்வு அநேகமாக இருக்காது. விரல் நுனிகள் வட்டுப்போல விரிந்திருக்கும். உள்ளே கடைசி எலும்பு T வடிவம். பின்காலில் ஐந்தாம் விரல் மூன்றாம் விரலைவிட நீளம். முன்காலில் முதல் விரல் பெரும்பாலும் இரண்டாவதைவிடக் குட்டை. விரல் நுனியின் மேற்புறத்தில் இரண்டு சிறு தகடுகள் ஒட்டினாற்போல் இருந்தால் அது நச்சுத் தவளைகளின் உறவு. அடிவயிறு கண்ணாடிபோல் உள்ளுறுப்பைக் காட்டினால் கண்ணாடித் தவளையைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த கட்டத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். முதுகின் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். ஒரே சிற்றினத்தில் ஒன்று பழுப்பாகவும், ஒன்று நடுமுதுகில் வெள்ளைக் கோட்டோடும், ஒன்று கரும்புள்ளிகளோடும் இருக்கும். பகலில் ஒரு நிறம், இரவில் ஒரு நிறம். தோலின் சொரசொரப்பாவது நிலையானது என்று நம்பியிருந்தோம். எக்வடோரிலிருந்து 2015இல் விவரிக்கப்பட்ட பிரிஸ்டிமாண்டிஸ் மியூடபிலிஸ் அந்த நம்பிக்கையையும் அசைத்துவிட்டது: முள்முள்ளாக இருக்கும் தோலை அது சில நிமிடங்களில் வழவழப்பாக்கிக்கொள்கிறது. ஆகவே பிடித்த கணத்தில் ஒரு படம், சற்று அமைதியான பிறகு இன்னொரு படம் என இரண்டு வேளைப் படங்கள் கட்டாயம் வேண்டும். பக்கவாட்டு, முதுகு, வயிறு, தொடையிடுக்கு, தொடையின் பின்புறம், கண்ணின் கருவிழிப்படலம் ஆகிய ஆறையும் எடுங்கள். தொடையிடுக்கின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் எத்தனாலில் வெளுத்துப் போகும். உயிரோடு இருக்கையில் குறிக்காத நிறத்தைப் பிறகு எந்த ஆய்வகத்திலும் மீட்க முடியாது.

ஒவ்வொரு தவளையையும் தனிப் பையில், ஈர இலையோடு, காற்று விட்டு வையுங்கள். தவளைகளைக் கொல்லும் கிட்ரிட் பூஞ்சை பரவாமல் இருக்க ஒவ்வொரு விலங்குக்கும் புதுக் கையுறை. பூச்சி விரட்டி தடவிய கையால் தொடவே கூடாது. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்.

மாதிரியாகச் சேகரிக்க அனுமதி இருந்தால், வரிசை மாறக் கூடாது. பென்சோகெய்ன் களிம்பை வயிற்றில் தடவி வலியில்லாமல் உயிர் போகச் செய்யுங்கள். உடனே தொடைத் தசையோ கல்லீரலோ அரிசி அளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். உடலை இறுகச் செய்யும் ஃபார்மலின் அதற்குப் பிறகுதான். முந்திவிட்டால் டிஎன்ஏ சிதைந்து பயன்படாது. கடையில் கிடைக்கும் அடர் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அதில் நனைத்த தாளின் மேல் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவைத்து இறுகவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையில் சோம்பினால் விரல்கள் சுருண்டு இறுகிவிடும். முதல் விரல் நீளமா இரண்டாம் விரல் நீளமா என்பதைக்கூட யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் கழித்து நீரில் அலசி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

இனி உருப்பெருக்கியின் அடியில். செவிப்பறை வெளியே தெரிகிறதா? மேலிமையிலும் குதிகாலிலும் கூம்புப் புடைப்பு உண்டா? இருந்தால் ஒன்றா, பலவா? வாயைத் திறந்து மேலண்ணத்தில் வோமர் எலும்பின் பல் மேடுகளின் வடிவம். ஆணுக்குக் குரல்பைப் பிளவும், முன்கால் கட்டைவிரலில் இணைசேர்க்கைத் திண்டும். மண்டையோட்டு விளிம்பில் எலும்பு மேடு இருக்கிறதா என்று ஊசி முனையால் தடவிப் பாருங்கள். பின்கால் ஐந்தாம் விரலை நான்காவதோடு சேர்த்துவைத்து, நுனி எந்தப் புடைப்பு வரை எட்டுகிறது என்று எழுதுங்கள். சிற்றினக் குழுக்களைப் பிரிக்க இது மிகவும் உதவும்.

அளவில் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. பெண் ஆணைவிடப் பெரிது. பெரிய சிற்றினத்தின் குட்டி, சிறிய சிற்றினத்தின் வளர்ந்த தவளையைப்போலவே தெரியும். வயிற்றில் சிறு கீறலிட்டு விதைப்பையையோ, சுருண்ட முட்டைக்குழாயையோ பார்த்து, வளர்ந்ததுதான் என்று உறுதிசெய்த பிறகே அளக்கும் கருவியான கேலிப்பரை எடுங்கள். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

குரல், பல நேரம் உடலைவிடத் தெளிவாகப் பேசும். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து, 44.1 கிலோஹெர்ட்ஸில், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். காற்றின் வெப்பநிலையைக் குறிக்க மறந்தால் பதிவின் மதிப்பு பாதியாகிவிடும். குளிரில் இவை மெதுவாகக் கூவும், வெப்பத்தில் வேகமாகக் கூவும். பதிவு முடிந்ததும் கூவிய ஆணையே பிடிக்க வேண்டும். பக்கத்து இலையில் வேறு சிற்றினம் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி வந்துவிட்டால் குரல் ஒன்று, உடல் இன்னொன்று என்றாகிவிடும். பிடித்தவுடன் அந்த இடத்துக் கூவல் நின்றதா என்று காத்திருந்து கேளுங்கள்.

டிஎன்ஏவுக்கு வழக்கமான தொடக்கம் 16எஸ் என்ற மரபணுவின் ஏறத்தாழ 550 கார இணை நீளமுள்ள துண்டு. 3 சதவீத வேறுபாடு இருந்தால் புதுச் சிற்றினமாக இருக்கலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதை எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். பொதுத் தரவுத்தளத்தில் தவறான பெயரில் கிடக்கும் வரிசைகள் ஏராளம். முதலில் வந்த பொருத்தத்தின் பெயரை அப்படியே எடுத்துப் போட்டால் பிறர் பிழை உங்கள் பிழையாகும். உடல், குரல், மரபணு மூன்றில் குறைந்தது இரண்டாவது ஒரே பக்கம் சாய வேண்டும். எக்வடோரின் ஹுய்குண்டோமாண்டிஸ் துணைப்பேரினத்தில் 2019இல் ஒரே ஆய்வில் 11 புதுச் சிற்றினங்கள் வெளிவந்தன. இத்தனை காலமும் பழைய பெயர்களுக்குள் எத்தனை ஒளிந்திருந்தன என்று பாருங்கள்.

அருங்காட்சியகப் பழைய சீட்டுகளில் இவையெல்லாம் எலியூத்தரோடாக்டைலஸ் என்ற பழைய பேரினப் பெயரிலேயே இருக்கும். அந்தப் பேரினத்தின் பெரும் பிரிப்பு 2008இல்தான் வந்தது. இரண்டு பெயரிலும் தேடாமல் புதிது என்று அறிவிக்காதீர்கள். பெயர் செல்லுபடியாக ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் ஒற்றை மாதிரி) எது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதென்றால் விலங்குப் பெயர்களின் பதிவேடான ஜூபேங்கில் முன்பதிவும், அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயும் இருக்க வேண்டும்.