மருந்தை ரெட்டித்தால் வேகமும் ரெட்டிக்குமா? உண்டிவில்லும் மஞ்சாடியும் வைத்து ஒரு கணக்கு

குழல் வாய் வழியே கருமருந்து என்கிற பழைய வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் ஒரு விஷயம் எனக்கு விளங்காமலே இருந்தது. மருந்தை எவ்வளவு கூட்டினாலும் குண்டின் வேகம் நொடிக்கு 600, 650 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். இன்றைய ரைஃபிள் 900 மீட்டரைச் சாதாரணமாகத் தொடுகிறது. கருமருந்துக்கு மட்டும் ஏன் இந்தத் தடை? நானே கணக்கு போட்டு, கையால் அளக்க முடிந்ததை அளந்தும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இதுவரை வந்த தூரத்தை எழுதி வைக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரனான எனக்கு இந்த ஆசை வர வெளியே எங்கும் போக வேண்டாம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றபோது பிடிபட்ட டி லனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, அந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் நடத்தினார். 1777-இல் இறந்தவரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இங்கே வார்த்த பீரங்கியில் குண்டு எவ்வளவு வேகத்தில் போயிருக்கும் என்று அங்கே போகும்போதெல்லாம் யோசிப்பேன். எங்கள் தெருவில் ஒரு பாட்டா இருக்கிறார். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த காலத்து ஆள். அவரிடம் கேட்டால், “மருந்த ரெட்டிச்சா குண்டும் ரெட்டி வேகத்துல போவும் மக்கா, இதுல என்ன கணக்கு?” என்பார். நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். குழல் வெடித்துக் கை போவதற்கும் இந்த நம்பிக்கை ஒரு காரணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருந்தைத் தொடவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நாட்டுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். மருந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் வீட்டில் செய்து பார்க்கும் பொருள் அல்ல அது. என் கையில் இருந்தவை உண்டிவில், கோலிக்குண்டு, மஞ்சாடிக்குரு (மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதை), தங்கம் நிறுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு, போன், கம்ப்யூட்டரில் ஒரு கணக்குத்தாள்.

வழி காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். குளச்சல் போருக்கு அடுத்த வருஷம், 1742-இல், குண்டின் வேகத்தை முதல்முறையாக ஒழுங்காக அளந்து லண்டனில் நூலாக வெளியிட்ட கணித அறிஞர். கணித மேதை ஆய்லர் அதை 1745-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பெரிதாக விளக்கமும் சேர்த்தார். பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் கரைக்கே வந்த ராபின்ஸ், 1751-இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். இவ்வளவு பெரிய மனிதர் நம் ஊர் மண்ணில் கிடக்கிறார், பேச்சே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவர் செய்தது ஊசல். கனமான கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுடுவது. கட்டை எவ்வளவு பின்னால் போகிறது என்பதை ஒரு நாடாவால் அளப்பது. அதையே நான் சின்னதாகச் செய்தேன். ஒரு மரப்பெட்டியில் களிமண் திணித்து, மொத்தம் 400 கிராம் வரும்படி வைத்து, நான்கு மூலையிலும் ஒரு மீட்டர் நூல் கட்டித் தொங்கவிட்டேன். நான்கு நூல் இருந்தால் பெட்டி சுழலாமல் நேராகப் போய்வரும். அடியில் ரிப்பன் நாடா ஒன்றை ஒட்டி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே இறுக்கமாக விட்டேன். பெட்டி போகும்போது நாடாவை இழுக்கும். திரும்பும்போது நாடா நின்ற இடத்திலேயே நிற்கும். ஊசல் போன வளைவின் நாண், அதாவது வளைவின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள நேர்க்கோட்டுத் தூரம், அப்படியே கிடைத்துவிடும். அந்த நாணும் அடிவாங்கிய நொடியில் பெட்டிக்கு இருந்த வேகமும் நேர் விகிதம், தோராயம்கூட இல்லை. ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கிற மாதத்தில் முற்றத்தில் வைத்தால் பெட்டி தானாகவே ஆடும் என்பதால் எல்லாம் வீட்டுக்குள் வராந்தாவில்தான் நடந்தது.

ஐந்து மீட்டரில் இருந்து 5.4 கிராம் கோலியை அடித்தால் நாடா 14 சென்டிமீட்டர் வந்தது. கணக்கில் அது நொடிக்கு 33 மீட்டர். சரிதானா என்று பார்க்க, நடுவழியில் போனை வைத்து ரப்பர் அறையும் சத்தத்தையும் களிமண்ணில் குத்தும் சத்தத்தையும் பதிவு செய்தேன். இடைவெளி 0.147 நொடி, அதாவது சராசரி 34 மீட்டர். வழியில் காற்று பிடித்து இழுக்கும் வேகத்தைச் சேர்த்தால் கிளம்பும்போது 35, நடுவில் 34, மோதும்போது 33 என்று அழகாகப் பொருந்துகிறது. 280 வருஷப் பழைய கருவிக்கும் போனுக்கும் ஒரு மீட்டர் சண்டைகூட இல்லை.

அடுத்துதான் மஞ்சாடி. ஒரு குரு கால் கிராம். அதே இழுப்பு, அதே ரப்பர். கோலிக்குக் கொடுத்த சக்தியை முழுசாக மஞ்சாடிக்குக் கொடுத்தால் 160 மீட்டருக்கு மேல் போக வேண்டும். இரண்டு மீட்டரில் ஸ்டீல் தட்டு வைத்து சத்தத்தால் அளந்தால் 45-ஐ ஒட்டியே வருகிறது. மிச்சம் எங்கே போனது? ரப்பரும் தோல்துண்டும் ஓடுவதற்கே போய்விட்டது. கவட்டையில் கட்டிய முனை அசையாது, தோலில் கட்டிய முனை குண்டோடு ஓடும், நடுப்பகுதி நடு வேகத்தில் போகும். கூட்டிப் பார்த்தால் ரப்பர் எடையில் மூன்றில் ஒரு பங்கு குண்டோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. என் ரப்பர் 12 கிராம், தோல் 2 கிராம். ஆக 6 கிராம் எப்போதும் கூடவே ஓடுகிறது. அதைச் சேர்த்துக் கணக்கு போட்டால் மஞ்சாடிக்கு 47 வருகிறது. கால் கிராம் குருவைக் காற்று வேகமாகப் பிடித்து நிறுத்துவதால் சராசரி 45 என்பது சரிதான்.

துப்பாக்கியிலும் இதே மூன்றில் ஒன்று. மருந்து எரிந்து உண்டாகும் வாயுவும் புகையும் குழலின் அடியில் அசையாமல் நிற்கின்றன, குண்டின் முதுகில் குண்டு வேகத்தில் ஓடுகின்றன. கருமருந்தில் இந்தச் சுமை வீணான சுமை. நோபிள், ஏபெல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1875 வாக்கில் மூடிய எஃகுக் கலத்தில் எரித்துப் பார்த்ததில், எடையில் சுமார் 43 சதவீதம்தான் வாயுவானது. மிச்சம் தள்ளும் வேலைக்குப் பெரிதாக உதவாத உப்புகள். வெடித்ததும் எழும் அந்த வெள்ளைப் புகையும், குழலுக்குள் படியும் கரியும் அதுதான்.

ராபின்ஸின் உதாரணத்தைக் கணக்குத்தாளில் ஏற்றினேன். 45 அங்குலக் குழல், முக்கால் அங்குல ஈயக் குண்டு, தொடக்க அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 1,000 மடங்கு. அவருடைய விடை நொடிக்கு 1,668 அடி, அதாவது 508 மீட்டர். என் தாள் 516 காட்டியது. அதோடு மருந்தின் மூன்றில் ஒரு பங்கைச் சுமையில் சேர்த்தால் 481-க்கு இறங்கியது. அப்புறம் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனேன். இரண்டு மடங்கு: 556. மூன்று மடங்கு: 580. மூன்றரையில் 583, அதுதான் உச்சி. நான்கு மடங்கில் இறங்க ஆரம்பிக்கிறது, ஆறு மடங்கைத் தாண்டினால் 550. குழலின் நீளத்தை மருந்தே அடைத்துக்கொள்வதால் வாயு விரிவதற்கு இடம் இல்லை, சுமை மட்டும் ஏறுகிறது.

இந்தத் தாள் அழுத்தத்தை ஏறாமல் 1,000-லேயே பிடித்து வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நிஜக் குழலில் மருந்து கூடக்கூட அழுத்தமும் ஏறும். மருந்தே கலத்தை நிறைத்து, வாயு போக வழியில்லாமல் எரிந்தால் வளிமண்டலத்தைப்போல் 6,400 மடங்கு வரை போகும் என்பது நோபிள், ஏபெல் கண்ட அளவு. மருந்தை ரெட்டித்தவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 15 சதவீத வேகம்தான். குழல் சுவர் தாங்க வேண்டியதும் தோளில் விழும் உதையும் அதைவிட எத்தனையோ கூடுதல். குண்டு மருந்தோடு ஒட்டி இறங்காமல் நடுவழியில் நின்றிருந்தால் இன்னும் ஆபத்து: வாயு ஓடிவந்து குண்டில் மோதும் இடத்தில் குழல் வளையம்போல் வீங்கும், இல்லையென்றால் கிழியும். ராபின்ஸ் அந்தக் காலத்திலேயே மருந்தைக் குறைக்கச் சொன்னார். பீரங்கிக்காரர்களும் குண்டெடைக்குச் சமமாகக் கொட்டிய நாள் போய் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தார்கள்.

தாளைப் பாட்டாவிடம் காட்டினேன். 481, 556 என்ற இரண்டு எண்ணையும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அப்ப தோள்பட்டை கழண்டது சும்மாவால்லா” என்றார்.

இனி மருந்து ஒரே கணத்தில் முழுக்க எரிவதாக வைத்திருப்பதை மாற்ற வேண்டும். மருந்தின் மணி பெரிசாக இருந்தால் மெதுவாகவும், பொடியாக இருந்தால் வேகமாகவும் எரியும். குண்டு குழலில் எங்கே இருக்கும்போது அழுத்தம் உச்சிக்கு வருகிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. குழலை நூறு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கணக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். குண்டுக்கும் குழலுக்கும் இடையே வாயு கசியும் இடைவெளி அதற்குப் பிறகு.